கைநாட்டும் கையெழுத்தும்

கையெழுத்து என்பது என்ன, நாலைந்து எழுத்து, இரண்டு வினாடி வேலை! அதற்கொரு கட்டுரையா என்று கேட்பவர்கள் புதுக்கோட்டைச் சீமைக்குப் போய்த் தாய்மார்களிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

1991-ல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. ஆட்சித் தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் ஊக்கமளித்தார்; தொண்டர்கள் ஊதியம் பெறாது பாடம் சொன்னார்கள். பகலெல்லாம் கல்லுடைத்த கரங்கள், களையெடுத்த கரங்கள், இரவில் விளக்கடியில் பலகை பிடித்தன. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் விடக் கற்றார்கள் என்பதைத்தான் உலகம் வியந்து பேசிற்று. நாம் பேச எண்ணுவது அதனினும் சிறிய பொருள்.

கருப்பாயி என்று ஒரு பெயர். ஐந்தே எழுத்து. நடுவிலே ‘ப்’, அதன் தலையிலே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை மறக்காமல் வைப்பதற்கு எத்தனை இரவுகள் பிடித்திருக்கும்! அதுவரை அந்தப் பெயருக்குரியவர் பத்திரத்திலே என்ன எழுதியிருக்கிறது என்றறியாமல் பெருவிரலை நீட்டினார். வட்டிக்கடைக்காரர் பிடித்து உருட்டினார். மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினார். ‘கைநாட்டு’ என்பது வசைச்சொல்லாகவே ஆகிவிட்டதல்லவா? ஐந்தெழுத்தை எழுதிய அன்று அந்த வசை கழன்றது. விரல் ரேகை பிறவியோடு வருவது. கையெழுத்து பாடுபட்டுப் பெற்றது.

ரேகை வாங்கும் வித்தை எங்கிருந்து வந்தது? 1858-ல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளை அதிகாரி, சாலைச் சரளைக்கான ஒப்பந்தத்தில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையையே மையில் தோய்த்துப் பதிய வைத்தார். பின்னால் ‘அது என் கையெழுத்தல்ல’ என்று மறுத்துவிடக் கூடாதாம்! அவநம்பிக்கையிலே பிறந்த பிள்ளை அது.

அந்தப் பிள்ளை இன்று நியாயவிலைக் கடையிலே கோலோச்சுகிறது. 2020 அக்டோபரிலிருந்து தமிழகக் கடைகளில் கைரேகைக் கருவி வந்தது. எழுதப் படித்த அம்மையார் மறுபடியும் விரலை நீட்டுகிறார். கருவியோ, ‘ஏற்க இயலாது’ என்கிறது. ஏன்? கல்லும் மண்வெட்டியும் சாம்பலும் ஐம்பது ஆண்டுகளாக ரேகையைத் தேய்த்துவிட்டன. உழைக்காதவன் விரல் உடனே விழுகிறது. உழைத்தவள் விரல் விழவில்லை. வேடிக்கையான நீதி! விரலை ஈரத்துணியில் துடைத்து, மறு விரலை வைத்து, வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்க, ஒரு மூதாட்டி படும் வெட்கத்தை எந்தக் கணக்கிலே எழுதுவது?

போலி அட்டை ஒழிய வேண்டாமா என்பார்கள். ஒழியட்டும், நமக்கு மறுப்பில்லை. கருவிழி பார்க்கும் கருவியும் பின்னர் வந்தது, அதையும் வைக்கட்டும். வர இயலாத முதியவருக்குப் பதிலாள் அனுப்பும் வழியும் இருக்கிறது. ஆனால் கடைக்கே வந்து நிற்பவர், தம் பெயரைத் தாமே எழுத வல்லவர், அவருக்கு எதற்குப் பதிலாள்?

நாம் கேட்பது பெரிய திட்டமன்று. விரல் விழாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசியை அளந்து போடவேண்டும். சில கடைகளில் மட்டும் விற்பனையாளரின் இரக்கத்தால் நடப்பதாக இருக்கக்கூடாது. எல்லாக் கடைகளிலும் உரிமையாக நடக்கவேண்டும், பலகையில் எழுதித் தொங்கவிடவும் வேண்டும். அதற்கு வேண்டிய செலவு ஒரு நோட்டு, நூலில் கட்டிய ஒரு பேனா.