66 சதவீதப் பாம்பு

என்னோடு பி.காம். படித்தவன் ஒருத்தன் டெக்ஸாஸில் இருக்கிறான். போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு போன். குரல் உடைந்திருந்தது.

"எட்டும் பொறந்தாச்சு மாப்ளே. ஒண்ணுகூட வெளுப்பா இல்லடா..."

பக்கத்தில் படுத்திருந்த என் மனைவி, "எட்டா!" என்று எழுந்து உட்கார்ந்தாள். பாம்பு என்று சொன்னதும் திரும்பப் படுத்துக் கொண்டாள்.

பயல் வளர்ப்பது ஹோண்டுரன் மில்க் ஸ்நேக். அதாவது பால் பாம்பு! சிவப்பும் கறுப்பும் வெளிர்மஞ்சளுமாகப் பட்டை போட்டு, புது பெல்ட் மாதிரி பளபளவென்று இருக்கும். விஷம் கிடையாது. நம்மூரில் சாரைப்பாம்பு பசுவின் பின்னங்காலைச் சுற்றிக் கட்டிப்போட்டு மடியில் பால் குடிக்கும் என்று பாட்டிகள் சொல்வார்கள் இல்லையா? ஏறக்குறைய அதே கதையை அமெரிக்க விவசாயியும் சொல்லி, பெயரும் வைத்துவிட்டார். உறிஞ்சிக் குடிக்கப் பாம்புக்கு உதடு ஏது? அது மாட்டுக் கொட்டகைக்கு வந்தது எலி பிடிக்க!

இந்தப் பாம்பில் ஆல்பினோ என்று ஒரு ரகம். கறுப்பே இராது. கண்கூடச் சிவப்பு. சாதாவைவிட அதற்குத்தான் மவுசு, விலையும் கூட. ஆனால் அந்தக் குறை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பார்க்கச் சாதாப் பாம்பு, உள்ளே ரகசியம். இதற்கு 'ஹெட்' என்று பெயர். எங்கள் அக்கவுண்டன்ஸியில் குட்வில் மாதிரி. பாலன்ஸ் ஷீட்டில் உண்டு, கையால் தொட முடியாது.

இரண்டு ஹெட் ஜோடி சேர்ந்தால், சராசரியாக நாலு குட்டியில் ஒன்று ஆல்பினோ. மீதி மூன்றும் பார்க்க ஒரே மாதிரி. அதில் இரண்டு ஹெட், ஒன்று வெறும் சாதா. எது எது என்று பார்த்தால் தெரியாது. வியாபாரி என்ன செய்வார்? மூன்றின் மேலும் '66 சதவீத ஹெட்' என்று சீட்டு ஒட்டி விற்பார். சந்தேகத்தை ரசீது போட்டு விற்கிற வியாபாரம் வேறு எங்காவது உண்டா, சார்?

நண்பன் அப்படி ஒரு ஜோடி வாங்கினான். மூன்று வருஷம் வளர்த்தான். ஃப்ரீஸரில் ஐஸ்க்ரீம் பக்கத்தில் எலி. (அவன் மனைவி ஐஸ்க்ரீம் சாப்பிடுவதை விட்டுவிட்டார்.) குளிர்காலத்தில் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் இரண்டு மாதம் பட்டினி போட்டுத் தூங்க வைத்து, வசந்தத்தில் ஜோடி சேர்த்து, எட்டு முட்டையை 27, 28 டிகிரியில் இரண்டு மாதம் காபந்து பண்ணி... கடைசியில் எட்டும் சாதா!

"ஏமாத்திட்டான்டா. கேஸ் போடட்டுமா?"

பேப்பர், பேனா எடுத்தேன். இரண்டும் ஹெட்டாக இருக்க வாய்ப்பே 44 சதவீதம்தான். "வாங்கும்போதே பெருக்கிப் பாத்திருக்கணும். ஸ்டாடிஸ்டிக்ஸ்ல அரியர் வெச்சவன்தானே நீ!" சரி, இரண்டும் ஹெட்தான் என்றே வைத்துக்கொண்டாலும், எட்டு முட்டையில் ஒரு ஆல்பினோகூட வராமல் போக பத்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. எந்த ஜட்ஜ் தீர்ப்புச் சொல்வார்? விற்றவரும் 66 என்றுதானே சொன்னார்! மீதி 34 அவர் ஒளித்து வைத்ததா என்ன? அவருக்கும் போன் போட்டிருக்கிறான். "அடுத்த வருஷம் முயற்சி பண்ணுங்க" என்றாராம்.

இதில் எனக்குத் தாங்காதது வேறு. அந்த மூன்று வண்ணப் பட்டை சும்மா அலங்காரம் இல்லை. கொடிய விஷமுள்ள பவளப்பாம்பின் வேஷம். 2001-ல் அமெரிக்காவில் களிமண் பொம்மைப் பாம்புகளை வெளியில் வைத்து சோதித்தார்கள். பவளப்பாம்பு வாழும் இடங்களில் பட்டை போட்ட பொம்மையை மிருகங்கள் அவ்வளவாகக் கடிக்கவில்லை. பாம்புக்கு அதுதான் எல்.ஐ.சி. பாலிஸி. பாலிஸியை அழித்த பாம்புக்கு விலை ஜாஸ்தி; பாலிஸியோடு பிறந்த எட்டும் போணியாகாத சரக்கு!

"எட்டையும் தனித்தனி டப்பாவுல வெக்கணும். ஒண்ணை ஒண்ணு தின்னுடும். பேசாம பின்னாடி புதர்ல விட்டுடவா?"

"டேய்!" என்று நான் போட்ட சத்தத்தில் மனைவி மறுபடி எழுந்தாள்.

ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனேரியா தீவில், இதற்குப் பங்காளியான கலிபோர்னியா கிங் ஸ்நேக், வளர்ப்பவர்கள் கையிலிருந்து தப்பிப் பரவிவிட்டது. 1998-லேயே கண்ணில் பட்டாயிற்று. அதில் ஆல்பினோக்களும் ஏராளம். வேஷம் போட வேண்டிய அவசியமே இல்லை, கேட்க ஆளில்லாத ஊர். அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத ராட்சதப் பல்லி, பாம்பு புகுந்த இடங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காலி. 2021-ல் வந்த ஆராய்ச்சிக் கணக்கு இது. முழுக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சரி, எட்டு டப்பா வாங்கறேன்."

நேற்று மறுபடி போன். ஏழு சாப்பிடுகிறதாம். எட்டாவது மட்டும் எலிக்குஞ்சைத் தொடுவதில்லை, பல்லிதான் வேண்டும் என்கிறதாம்.

எங்கள் வீட்டு ட்யூப்லைட்டை நிமிர்ந்து பார்த்தேன். மூன்று இருந்தது.