பாசிச் சுவரும் பட்டிப்பூவும்

இந்த வாரம் எரிச்சலோடுதான் தொடங்குகிறேன். லண்டனில் ஓர் ஆய்வுக் கட்டடத்தின் வரவேற்புக் கூடத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். எந்தக் கட்டடம் என்பது வேண்டாம். இயற்கையைத் தழுவிய வடிவமைப்பாம். ஓக் பலகை மேசை, கூழாங்கல்போல வளைந்த இருக்கைகள், இலைநிழல் விழுத்தும் விளக்குகள். அதுவரை சரி. ஒரு சுவர் முழுக்கப் பச்சைப் பாசி. தொட்டுப் பார்த்தேன், ஈரமே இல்லை. கிளிசரின் ஏற்றிச் சாயம் போட்ட செத்த பாசி. தண்ணீர் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், வளரவும் வளராது என்று பெருமையாகச் சொன்னார் அங்கிருந்தவர். பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தைப் பற்றி நான் புலம்பிய பத்திகளைப் படித்துச் சலித்தவர்களுக்கு, அப்போது என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தாத்தாக்கள் வேட்டையாடிய புலித்தலையைப் பாடம் செய்து சுவரில் மாட்டினார்கள். பேரப்பிள்ளைகள் பாசியை மாட்டுகிறார்கள்.

பசுமை வேண்டாம் என்பதல்ல என் வாதம். ரோஜர் உல்ரிச் 1984-ல் வெளியிட்ட ஆய்வு எல்லாக் கட்டடக்கலைஞர்களுக்கும் மனப்பாடம்: பித்தப்பை அறுவை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கற்சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலிமாத்திரையும் குறைவாகவே கேட்டார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது உயிருள்ள மரம். எங்கள் சட்டன் பேரூரிலேயே, ஹாக்பிரிட்ஜில் 2002-ல் கட்டி முடித்த பெட்செட் குடியிருப்பின் கூரைகளில் செடி உயிரோடு படர்கிறது.

சட்டன் என்றதும் இங்குள்ளவர்களுக்கு ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையும் அதை ஒட்டிய புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் நினைவுக்கு வரும். 1909-ல் தொடங்கிய நிறுவனம். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவை 1995-ல் அடையாளம் கண்டவர்கள் அங்கிருந்தவர்கள். கார்போபிளாட்டின் மருந்து உருவானதிலும் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அது பிளாட்டினம் என்ற உலோகத்திலிருந்து வந்தது, செடிகொடிக்கு அதில் வேலை இல்லை.

வேலை இருந்த கதை வேறு. யாழ்ப்பாணத்தில் பட்டிப்பூ, தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி, சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி. ஆடும் தின்னாது, தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூக்கும். 1952-ல் ஜமைக்காவிலிருந்து அதன் இலைகள் கனடாவுக்கு ஒரு தபால் உறையில் போயின. இங்கே நீரிழிவுக்குக் கஷாயமாகக் குடிக்கிறார்கள், சோதித்துப் பாருங்கள் என்ற வேண்டுகோளோடு. கனடாவில் ஆய்வாளர் ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள் இறங்கின. வெள்ளை அணுக்கள் பெருகுவதுதானே ரத்தப் புற்று! அவரும் சக ஆய்வாளர் சார்லஸ் பீரும் 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து பிறகு வந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள்.

இங்கிலாந்தின் பங்குக்கு யூ மரம். பழைய தேவாலயக் கல்லறைத் தோட்டங்களில் இருண்டு நிற்குமே, அதுதான். அதன் அமெரிக்க உறவான பசிபிக் யூவின் பட்டையிலிருந்து டாக்சால் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். ஐரோப்பிய யூவின் ஊசியிலையிலிருந்தே மூலப்பொருளை எடுத்து மருந்தாக மாற்றலாம் என்று பிரான்சின் பியர் போதியே குழு காட்டியது. அப்படி வந்தது டோசிடாக்சல். அதற்குப் பிறகு இங்கே வேலியில் கத்தரித்த யூ இலைகளையும் மருந்துக்காகச் சேகரித்தார்கள். நம்மூர்ச் சுடுகாட்டிலிருந்து ஒன்று, இவர்களின் கல்லறையிலிருந்து ஒன்று. ராயல் மார்ஸ்டன் போன்ற மருத்துவமனைகளில் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்துகளில் இவையும் உண்டு.

எனவே ஆய்வுக் கட்டடம் புதுப்பிக்கும் பெரியவர்களுக்கு என் விண்ணப்பம். அந்தப் பாசியைக் கழற்றுங்கள். வெயில் விழும் கண்ணாடி ஓரத்தில் பட்டிப்பூத் தொட்டிகள் வையுங்கள், வாசலில் ஒரு யூ நடுங்கள், பக்கத்தில் இந்தக் கதையைப் பலகையில் எழுதுங்கள். வாடினால் வாடட்டும், தண்ணீர் ஊற்ற ஓர் ஆளுக்கு வேலை கிடைக்கும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு யாரும் பட்டிப்பூவை அவித்துக் குடிக்க வேண்டாம். பட்டிப்பூ, யூ இரண்டுமே விஷம். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.