வெற்றிலைமேல் மட்டும் பழியைப் போடாதீர்கள்



சென்ற பேச்சுவார்த்தையில் பல் வைத்தியம் பற்றி நாம் முதல் முறையாக வாய் திறந்தோம். நிர்வாகத் தரப்பிலிருந்து வந்த பதில் இதுதான்: "உங்கள் ஆட்கள் வெற்றிலையை விட்டால் பல் தானாக நிற்கும்." சிரித்துக்கொண்டு சொன்னார்கள். எங்கள் பிரதிநிதிகளில் இரண்டு பேருக்கு முன்பல் இல்லை. அவர்களும் சிரித்தார்கள், ஒருவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

அன்று சொல்லாமல் விட்ட பதிலை இன்று எழுதுகிறோம்.

1970ஆம் ஆண்டு, நோர்வே நாட்டுப் பல் வைத்திய ஆய்வாளர் ஹரால்ட் லோ என்பவரின் குழு மலையகத்தில் டன்சினன், ஹரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தது. 14 முதல் 31 வயதுவரையான 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பார்த்து எழுதிக்கொண்டது. பிறகு 1971, 1973, 1977, 1982, 1985 என்று திரும்பத் திரும்ப வந்து அதே ஆட்களைப் பார்த்தது. ஏன் தோட்டத்து ஆட்கள்? பல் வைத்தியமே கிடைக்காத, பிறஷ் பிடித்துப் பழகாத மனிதர்களிடம்தான் முரசு நோய் தன்போக்கில் எப்படிப் போகும் என்று பார்க்க முடியும். பக்கத்தில் வைத்து ஒப்பிட, ஒழுங்காகப் பல் வைத்தியம் பெற்ற நோர்வேயின் படித்த இளைஞர்கள் இருந்தார்கள்.

1986இல் முடிவுகள் வெளியாயின. நூற்றுக்கு 8 பேர் அளவில் நோய் மிக வேகமாகப் போயிருந்தது. அவர்களுக்கு 35 வயதில் 12 பற்கள் இல்லை, 40 வயதில் 20 இல்லை, 45 வயதில் ஒன்றுமே இல்லை. நூற்றுக்கு 81 பேருக்கு நோய் மெதுவாகப் போனது. அவர்களும் 45 வயதாகும்போது சராசரி 7 பற்களை இழந்திருந்தார்கள். மீதி 11 பேருக்கு முரசு வீங்கியதோடு சரி. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த ஆட்களிடம் சூத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பல் நல்ல பல்தான். அதைப் பிடித்திருந்த முரசும் எலும்பும் கரைந்ததால் விழுந்தது. தாத்தா ஆடுகிற பல்லை இரண்டு விரலால் பிடுங்கிக் கூரைமேல் எறிந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இதைத் தடுக்க வழி தெரியாமலா இருந்தது? இதே லோ 1965இலேயே ஒரு பரிசோதனை செய்திருந்தார். நல்ல முரசுள்ள 12 பேரைப் பல் தீட்டாமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் முரசு வீங்கியது. மறுபடி தீட்டத் தொடங்கியதும் ஒரு வாரமளவில் ஆறியது. பல்லில் படியும் அழுக்குத்தான் காரணம், அதைத் தினமும் எடுத்தால் போதும் என்பது தோட்டத்துக்கு அவர்கள் வருமுன்பே உலகம் அறிந்த விஷயம்.

ஆய்வாளர்களோடு நமக்குச் சண்டை இல்லை. அந்தக் கணக்கு இருப்பதால்தான் இன்று பேச முடிகிறது. நம் சண்டை தோட்டத்தை வைத்திருந்தவர்களோடு. கம்பெனி வைத்திருந்தது, 1975இல் அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்குப் போனது. இத்தனை கை மாறியும் தொழிலாளியின் வாய் யாருடைய பொறுப்பிலும் வரவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கரையில் தேயிலை இல்லை, தென்னையும் மரமுந்திரிகையும்தான் என்று யாரும் சொல்ல வேண்டாம். நம்மில் பல குடும்பங்கள் 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து இறங்கி வந்தவை. வேலை மாறியது, வாய் மாறவில்லை. படுவான்கரையில் இருக்கும் நம் சகோதரி ஒருவர் பல்லுக்கொதியோடு எழுவான்கரைக்குப் போனார். மண்முனைப் பாலம் 2014இல் திறந்ததால் வள்ளத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அது பெரிய விஷயம்தான். ஆனால் பஸ் கிடைத்துப் போய்ச் சேர நம்பர் முடிந்துவிட்டது. இரண்டாவது நாள் வீக்கம் வற்றட்டும் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாவது நாள் பிடுங்கினார்கள். ஒரு பல்லுக்கு மூன்று நாள் சம்பளம். அடுத்த பல் கொதித்தபோது அவர் போகவில்லை. கராம்பும் பனடோலும் வைத்துக்கொண்டு தேங்காய் உரிக்கப் போனார். இதில் வெற்றிலை எங்கே வந்தது?

அதற்காக வெற்றிலைக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்துவிட்டது. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கு. வாயில் வெள்ளையோ சிவப்போ தழும்பு, இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத புண், வாய் முன்போல் திறக்காமை: இதில் எது இருந்தாலும் வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். வலிக்கும்வரை பொறுத்தவர்களைத்தான் நாம் மகரகமைக்கு அனுப்பிவைத்திருக்கிறோம். கலியாண வீட்டுத் தட்டத்தில் வெற்றிலை இருக்கட்டும், மரியாதைக்குத் தொட்டுவிட்டு வையுங்கள்.

வீட்டிலும் வேலை இருக்கிறது. காலையில் கரியும் உப்பும் போட்டுத் தேய்ப்பதைவிட, இரவு படுக்கப் போகுமுன் புளோரைட் உள்ள பற்பசையால் தீட்டுவது பெரிது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு அரிசியளவு பசை போதும், அதற்கு மேல் கடலையளவு. ஒரு வீட்டுக்கு ஒரு பிறஷ் என்ற கணக்கு வேண்டாம். சீனி போட்ட தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றிப் பிள்ளையின் வாயில் வைத்துத் தூங்கப்பண்ண வேண்டாம். தாத்தாவுக்கு இல்லாத சூத்தை பேரப்பிள்ளைக்கு வந்ததே அந்தப் போத்தலாலும் கடை பிஸ்கட்டாலும்தான்.

நம் சங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. இத்தனை வருடக் கோரிக்கைப் பட்டியலில் சம்பளம், வீடு, ரோட்டு எல்லாம் எழுதினோம், பல்லை எழுதவில்லை. இம்முறை எழுதுகிறோம். பல் வைத்தியத்துக்குப் போகும் நாளுக்குப் பேர் விழ வேண்டும். நடமாடும் பல் வைத்திய வண்டி தோட்டத்துக்கு ஒழுங்காக வர வேண்டும், தேர்தல் காலத்தில் மட்டும் அல்ல. பிள்ளை மடுவத்தில் பிறஷும் பசையும் நிர்வாகச் செலவில் இருக்க வேண்டும்.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன், பல்லுக்காகச் சம்பளம் இழந்தவர்களின் பெயரையும் எத்தனை நாள் என்பதையும் ஒவ்வொரு கிளைத் தலைவரும் எழுதிக் கொண்டுவர வேண்டும். வாயைப் பொத்திச் சிரித்த அந்தத் தோழர் தன் பெயரை முதலாவதாகக் கொடுத்துவிட்டார்.