புது எழுத்தாளரும் பிரசுரமும்

தமிழில் கதையும் கவிதையும் எழுதவேண்டுமென்னும் ஆவல் கொண்ட வாலிபர்களுக்கும் யுவதிகளுக்கும் இந்நாளில் குறைவில்லை. ஆயினும், எழுதியதை யார் அச்சிடுவார், யார் வாசிப்பார் என்னும் கேள்வி எழுந்தவுடனே அவர்களில் பெரும்பாலோர் திகைத்து நிற்கின்றனர். அந்தத் திகைப்பையே மூலதனமாகக் கொண்டு ஒரு வியாபாரமும் நம் நாட்டில் முளைத்துச் செழித்து வருகிறது. இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிக் கூற விரும்புகிறோம். அதை இலக்கிய ரஸிகர்களிடம் மட்டும் கூறினால் போதாது. பொதுக் காரியங்களில் ஈடுபட்டு உழைக்கும் அரசியல் ஊழியர்களிடமே முதலில் கூறவேண்டும். ‘எங்களுக்கும் கதை எழுதுவோர்க்கும் என்ன சம்பந்தம்?’ என்று அவர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு, பழைய சம்பந்தமே உண்டு.

1907-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே நினைவூட்டுகிறோம். அக்காலத்தில் ஸ்ரீ வி. கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதிகளின் தலைவர்களுள் ஒருவர், பெயர்பெற்ற வக்கீல். சுப்பிரமணிய பாரதியோ தீவிரவாதக் கட்சியைச் சேர்ந்த இருபத்தைந்து வயது வாலிபர். மிதவாதிகளைத் தம் பேனாவினால் குத்திக் கிளறுவதையே தினசரி வேலையாகக் கொண்டிருந்தவர். ஸ்ரீ ஜி.ஏ. நடேசன் அந்த வாலிபரை ஐயரிடம் அழைத்துச் சென்றார். ஐயர் பாட்டைக் கேட்டார், உருகினார். பாடியவர் எந்தக் கட்சி என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. மூன்று பாடல்களைத் தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். அதற்கு அடுத்த ஆண்டில், அதாவது 1908-இல், பாரதியின் ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலாக வெளிவந்தது. கட்சி மாச்சரியம் கொதித்துக்கொண்டிருந்த அந்த நாளில், எதிர்க்கட்சிக் கவிஞனின் பாட்டை அச்சிட்டுப் பரப்பிய பெருந்தன்மையை நாம் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். இந்நாளில் அவ்வாறு செய்யும் கட்சித் தலைவர் ஒருவரைக் காட்டமுடியுமா? காட்டுவோருக்கு நாம் கடமைப்பட்டிருப்போம்.

இந்தச் சம்பவத்துக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. 1920-இல் கடையத்தில் இருந்த அதே பாரதி தம் எழுத்துக்கள் அனைத்தையும் நாற்பது நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட விரும்பினார். அதற்குப் பணம் கடனாகத் தருமாறு நண்பர்களுக்கு அச்சிட்ட வேண்டுகோள் ஒன்றை அனுப்பினார். தானம் கேட்கவில்லை, வட்டியோடு திருப்பித் தருவதாகவே எழுதினார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் விற்பதைப்போலத் தமிழ் நூல்கள் சாதாரணமாக விற்பனையாகும் என்று அவர் திடமாக நம்பியிருந்தார். அத்திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். அவருடைய நூல்களின் உரிமையைச் சென்னை மாகாண அரசாங்கம் ஏற்றுக்கொண்டது 1949-இல். உயிரோடிருந்த கவிஞனுக்குக் கடன் கொடுக்க ஆளில்லை. அவன் மறைந்து இருபத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகு அவன் எழுத்து தேசத்தின் சொத்தாயிற்று! புதுமைப்பித்தன் விஷயம் இதனினும் நீண்டது. 1948-இல், நாற்பத்திரண்டாம் வயதில், க்ஷயரோகத்தினால் திருவனந்தபுரத்தில் அவர் உயிர் நீத்தார். அவர் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டது 2002-இல்.

எழுத வருவோரிடம் நம்மவர்கள் எப்பொழுதும் உபதேசிப்பது ‘ஆவேசம் வரட்டும், காத்திரு’ என்பதே. இது பாதி உண்மை. ஆவேசம் ஆகாயத்திலிருந்து மட்டும் இறங்குவதில்லை. ‘எழுதிக் கொடுங்கள், நாம் வெளியிடுகிறோம்’ என்று ஒரு பத்திராதிபர் சொல்லும் சொல்லிலிருந்தும் அது பிறக்கிறது. 1933-இல் ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகிய தேசீயவாதிகள் ‘மணிக்கொடி’யைத் தொடங்கினார்கள். 1935-இல் பி.எஸ். ராமையா அதனைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்த முன்வந்தார். கும்பகோணத்தில் இருந்த ஓர் அன்பரிடம் ராமையா வற்புறுத்திக் கதை எழுதுவித்து, அவருக்கு ‘மௌனி’ என்று புனைபெயரும் சூட்டி, அக்கதைகளைத் தம் பத்திரிகையில் வெளியிட்டார். மௌனி தம் வாழ்நாளில் எழுதிய கதைகள் மிகச் சிலவே. ஆயினும் சிறுகதையைப் பற்றிப் பேசுவோர் எவரும் அவரை விட்டுவிட்டுப் பேச இயலாது. ராமையா கேட்டிராவிடில் அக்கதைகள் எழுதப்பட்டிருக்குமா என்பதே நமக்குச் சந்தேகம். புது எழுத்தாளனுக்கு வேண்டுவது புகழுரை அன்று. எழுத்தைப் படித்து, நன்றென்றால் ஏற்று, குறையுண்டென்றால் இன்ன குறை என்று இரண்டு வரி எழுதும் ஆள் ஒருவர் வேண்டும்.

அத்தகைய ஆட்கள் குறைந்து வருகின்றனர் என்பதே இன்றைய சங்கடம். ஒரு காலத்தில் வாரப் பத்திரிகைகள் இதழ்தோறும் பல சிறுகதைகளை வெளியிட்டன. தபாலில் வந்த கதைகளைப் படிப்பதற்கென்றே உதவியாசிரியர்கள் இருந்தார்கள். சன்மானமும் மணியார்டரில் வந்து சேர்ந்தது. அந்தப் பக்கங்களைச் சினிமாவும் வம்பும் பிடித்துக்கொண்டு வெகுநாளாயிற்று. 1941-இல் தோன்றிய ‘கல்கி’ வாரப் பத்திரிகை 2020-இல், கொள்ளைநோய்க் காலத்தில், அச்சுப் பதிப்பை நிறுத்தி இணையத்துக்கு மாறிற்று. இணையம் வந்தபின் எவரும் எதையும் வெளியிடலாம். 2016 முதல் அமெஸானின் கிண்டில் மூலம் தமிழ் நூலை ஒருவர் தாமே வெளியிடவும் வழி ஏற்பட்டிருக்கிறது. கதவு திறந்திருப்பது நல்லதே. ஆனால் வாயிலில் நின்று வரவேற்பவரும் இல்லை, தடுப்பவரும் இல்லை. நல்ல கதையும் நாலாந்தரக் கதையும் ஒரே குவியலில் விழுகின்றன. எழுதியவருக்குத் தம் கதை எதைச் சேர்ந்தது என்றுகூடத் தெரிவதில்லை.

இந்த நிலையில்தான் நாம் முதலில் குறிப்பிட்ட வியாபாரம் நுழைகிறது. வாலிபர் ஒருவர் கவிதைகளைத் தொகுத்துக்கொண்டு ஒரு பிரசுராலயத்துக்குச் செல்கிறார். கைப்பிரதியை அவர்கள் புரட்டியும் பார்ப்பதில்லை, ‘பிரமாதம்’ என்கிறார்கள். உடனே ஒரு தொகையைச் சொல்கிறார்கள். அச்சுக்கூலி இவ்வளவு, அட்டைப்படம் இவ்வளவு, வெளியீட்டு விழா இவ்வளவு. முதல் மாதச் சம்பளமோ, தாயாரின் நகையை அடகு வைத்த பணமோ கைமாறுகிறது. நூல் வருகிறது, விழா நடக்கிறது, சால்வைகள் போர்த்தப்படுகின்றன, வாழ்த்துரை வழங்கிய பிரமுகர் நூலைப் படிக்கவில்லை என்பது அவர் பேச்சிலேயே புலனாகிறது. மறுநாள் கட்டுக் கட்டாகப் புத்தகங்கள் ஆசிரியர் வீட்டுக் கட்டிலின் அடியில் குடியேறுகின்றன. ஓராண்டு கழித்து அவர் எழுதுவதையே விட்டுவிடுகிறார். எத்தனை நல்ல எழுத்தாளர்களை இவ்வாறு நாம் முதல் நூலோடு இழந்திருக்கிறோம் என்பதற்குக் கணக்கு வைப்பார் இல்லை. இதைப் பிரசுரம் என்று நாம் சொல்லமாட்டோம். வாசகனிடம் விற்று லாபம் காண்பவனே பிரசுரகர்த்தன். எழுதியவனிடமே லாபம் காண்பவன் வெறும் அச்சுக் கூலிக்காரன். அச்சுத் தொழிலில் அவமானம் ஏதுமில்லை. ஆனால் அதை அச்சுத் தொழிலென்றே சொல்லிக்கொள்ள வேண்டும்.

தாமே பணம் போட்டு நூல் வெளியிடுவது இழிவு என்று நாம் கூறுவதாக எவரும் எண்ணவேண்டாம். சி.சு. செல்லப்பா 1941-இல் தேசத்துக்காகச் சிறை சென்றவர். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ என்னும் பத்திரிகையைத் தொடங்கிச் சொந்தக் கைப்பொருளைச் செலவிட்டு 1970 வரை நடத்தினார். புதுக்கவிதை என்னும் துறை அதில்தான் கால் ஊன்றியது; 1962-இல் அவர் தொகுத்த ‘புதுக்குரல்கள்’ அன்று எவரும் மதிக்காத வாலிபர்களை ஒன்றுகூட்டிற்று. புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் அவர். ‘சுதந்திர தாகம்’ என்னும் பெரிய நாவலையும் முதுமையில் தாமே வெளியிட்டார். 1998-இல் அவர் காலமானபின், 2001-ஆம் ஆண்டுக்கான ஸாஹித்ய அகாடமி பரிசு அந்நாவலுக்குக் கிடைத்தது. செல்லப்பா யாரிடமும் ஏமாறவில்லை, தெரிந்தே செய்தார். எண்பது வயதுக்கு மேலும் ஒரு தேசபக்தர் தம் நாவலைத் தாமே அச்சிட வேண்டியிருந்ததே, அந்த வெட்கம் அவருடையதன்று, நம்முடையது.

சட்டம் தெரியாமையினால் விளையும் தீங்கு தனியாகப் பேசத்தக்கது. புது எழுத்தாளர்கள் நீட்டிய இடத்தில் கையெழுத்திட்டு விடுகிறார்கள். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் அவர்களுக்குப் பல பாதுகாப்புக்களை அளித்திருக்கிறது. எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு உண்டாகிவிடுகிறது. எங்கும் பதிவு செய்யவேண்டிய கட்டாயமில்லை. அவ்வுரிமை ஆயுட்காலம் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. எழுத்து மூலமாகக் கையொப்பமிட்டுக் கொடுத்தாலன்றி உரிமை மாற்றம் செல்லாது. எத்தனை ஆண்டுகளுக்கு என்று பத்திரத்தில் குறிப்பிடாவிடில் ஐந்து ஆண்டுகளுக்கே அது கட்டுப்படுத்தும். எந்தப் பிரதேசத்துக்கு என்று சொல்லாவிடில் இந்தியா மட்டுமே என்று பொருள். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிடில், பத்திரத்தில் வேறு விதமாகக் கண்டிராத பட்சத்தில், உரிமை ஆசிரியரிடமே திரும்பி வந்துவிடும். ஆகையால் ‘சகல உரிமைகளும் என்றென்றைக்கும்’ என்று எழுதிய பத்திரம் ஒன்றை எவராவது நீட்டினால், வாலிபர்கள் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று இரண்டு நாள் வைத்துப் படிக்கட்டும். சர்வதேசப் புத்தக எண் நம் நாட்டில் அரசாங்க ஸ்தாபனத்தினால் இலவசமாகவே தரப்படுகிறது என்பதையும் அறிந்துகொள்ளட்டும். அதற்கும் ஒரு தொகை கேட்பவர் மற்றவற்றில் எப்படி நடந்துகொள்வார் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

அரசாங்கத்தார் செய்வது என்ன? ஸாஹித்ய அகாடமி 2011 முதல் முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோருக்கு யுவ புரஸ்கார் என்னும் 50,000 ரூபாய்ப் பரிசை மொழிக்கு ஒன்றாக வழங்கி வருகிறது. 2021-இல் மத்திய அரசாங்கம் முப்பது வயதுக்குட்பட்ட 75 பேரைத் தெரிந்தெடுத்து, மாதம் 50,000 ரூபாய் வீதம் ஆறு மாதங்களுக்கு உதவித்தொகை அளிக்கும் திட்டம் ஒன்றை நேஷனல் புக் டிரஸ்ட் மூலம் ஏற்படுத்தியது. 22 பாஷைகளுக்கு 75 பேர் என்றால் தமிழுக்கு எத்தனை பேர்? எழுதவேண்டிய விஷயத்தையும் அரசாங்கமே விதித்துவிட்டது. உதவியை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. விதித்த விஷயத்தில் ஆவேசம் பிறப்பது அரிது என்றே சொல்லுகிறோம்.

இவற்றைவிடப் பெரிய சாதனம் நம் வாயிலண்டையிலேயே இருக்கிறது. 1948-இல் ஸ்ரீ அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்தபோது சென்னை மாகாணப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இத்துறையில் முதல் சட்டம் அதுவே. வீட்டுவரி செலுத்தும் ஒவ்வொருவரும் அதனோடு நூலகத்துக்கும் வரி செலுத்துகிறோம். அந்தப் பணத்தில் நூல்கள் வாங்கப்பட்டால் பிரசுரகர்த்தன் துணிந்து புதியவரின் நூலை ஏற்கிறான். வாங்குவது தாமதமானாலோ நின்றாலோ அவன் முதலில் கைவிடுவது புதியவரைத்தான். பழம்பெயர்கள் எப்படியும் விற்கும். எனவே, நூலகக் கொள்முதல் ஆண்டுதோறும் தவறாமல், பட்டியலும் தேர்ந்தெடுத்த காரணமும் பகிரங்கமாக, நடக்கவேண்டுமென்று சட்டசபையில் கேட்பதற்கு எந்தக் கட்சியாருக்கும் தடையில்லை. சாலைக்கும் சாக்கடைக்கும் கேள்வி கேட்கும் அங்கத்தினர்கள் தங்கள் தொகுதிக் கிளை நூலகம் சென்ற ஆண்டு வாங்கிய தமிழ் நூல்கள் எத்தனை என்று எப்பொழுதாவது கேட்டதுண்டா?

கட்சிப் பத்திரிகைகளை நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. தலைவர்களின் படங்களுக்கு ஒதுக்கும் பக்கங்களில் வாரம் ஒன்றைப் புதியவர் கதைக்கோ கவிதைக்கோ விடுங்கள். கட்சியைப் பற்றிய கதையாக அது இருக்கவேண்டுமென்று நிபந்தனை போடாதீர்கள். 1907-இல் கிருஷ்ணசாமி ஐயர் போட்டாரா? சிறிதாயினும் சன்மானம் கொடுங்கள். பிரசுரிக்க இயலாத கைப்பிரதிக்கு ஒரு மாதத்துக்குள் பதில் எழுதுங்கள். பதில் வராத கடிதம் ஒரு வாலிபரின் ஊக்கத்தை எவ்வளவு விரைவில் அவிக்கும் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிளைக் காரியதரிசிகள் தங்கள் காரியாலயத்துக்கு இரண்டு இலக்கியச் சிற்றிதழ்களுக்காவது சந்தா செலுத்தி வைக்கட்டும். அடுத்த ஜில்லா மாநாட்டுக்கு வரவேற்புக் கமிட்டி கூடிப் பந்தலுக்கு இவ்வளவு, தோரணத்துக்கு இவ்வளவு, ஒலிபெருக்கிக்கு இவ்வளவு என்று கணக்கெழுதும்போது, அந்த ஜில்லாவைச் சேர்ந்த புதிய எழுத்தாளர் ஒருவரின் நூலில் நூறு பிரதிகளை விலை கொடுத்து வாங்குவதற்கும் அதே காகிதத்தில் ஒரு வரி எழுதட்டும்.