எந்திரம் நின்றது, காத்தவர் எவர்?

2025ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள். திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலே, நார்த்தாமலைக்கு அருகே, அம்மாசத்திரத்தில், லாரியும் பேருந்தும் ஓடுகின்ற தார்ச்சாலையிலே ஒரு சின்னஞ்சிறு விமானம் வந்து இறங்கிற்று! சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம். பறந்துகொண்டிருக்கையிலே கோளாறு. முகப்பு சேதமுற்றது, ஆனால் உள்ளே இருந்த இருவரும் உயிரோடு இறங்கினர். சாலையிலே சென்றோர் எவருக்கும் ஊறு இல்லை. ஊர் கூடிற்று, பார்த்தது, வியந்தது.

“ஆண்டவன் காப்பாற்றினான்” என்பார் சிலர். “நல்ல நேரம்” என்பார் வேறு சிலர். நல்ல நேரமாக இருந்திருந்தால் கோளாறே வந்திராதே, தோழர்களே! நேரத்தையும் ஆண்டவனையும் சற்றே ஓரமாக உட்காரவைத்துவிட்டு, காத்தது எது என்று கேட்போம். அதைக் கேட்டால்தான், அடுத்த முறையும் காக்க வழி தெரியும்.

சேலத்துக்காரருக்கு அடிவாரம் என்றால் சொல்ல வேண்டியதில்லை. ஏற்காட்டுச் சாலை அங்கேதான் மலையேறத் தொடங்குகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த மலையிலே பேருந்து ஓட்டும் தோழரைக் கேட்டுப் பாருங்கள். “எந்தக் கியரிலே ஏறினாயோ அந்தக் கியரிலே இறங்கு” என்பார். பிரேக் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்று, பிரேக் நன்றாகப் பிடிக்கும் நாளிலேயே அவர் கை கற்றுக்கொண்டிருக்கிறது. கற்காத கை என்ன செய்யும்? பதறும். பதறிய கையோடு பள்ளத்தாக்கு பேரம் பேசாது.

வானத்திலும் அதே கதைதான். அடிவாரத்திலிருந்து மேற்கே பார்த்தால் கமலாபுரம் விமான நிலையம் இருக்கும் திசை. 1993இல் திறந்த நிலையம் அது. நெடுங்காலம் விமானம் இன்றி வெறிச்சோடிக் கிடந்தது. 2022இல் பயிற்சிப் பள்ளிகளுக்கென்று மத்திய அரசு தேர்ந்தெடுத்த நிலையங்களுள் சேலமும் ஒன்று. இன்று நம் வீட்டுக் கூரைகளின்மேல் ரீங்காரமிட்டுச் செல்லும் சிறு விமானங்கள் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளின் விமானங்கள். ஒரே எந்திரம், ஒரே சுழலி. அந்த ஒன்று நின்றால்?

கல்லைப் போல விழும் என்று எண்ணுகிறோம். இல்லை! செஸ்னா 172 போன்ற விமானம் எந்திரம் நின்ற பின்னும் சறுக்கிக்கொண்டு பறக்கும். ஒரு பங்கு உயரம் இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது பங்கு தூரம் முன்னே போகும். ஆயிரம் அடி உயரம் கையிலிருந்தால் இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்றே மேல். மூவாயிரம் அடி இருந்தால் நாலு நிமிட நேரம். நாலே நிமிடம்! அதற்குள் மூக்கைச் சரியான வேகத்துக்கு இறக்க வேண்டும். இறங்க இடம் தேட வேண்டும். எரிபொருள் குழாயைப் பார்க்க வேண்டும், மேக்னெட்டோவைப் பார்க்க வேண்டும், வானொலியிலே அபயக்குரல் கொடுக்க வேண்டும். ஒன்றும் பலிக்காவிட்டால், தீப்பிடிக்காமலிருக்க எரிபொருளை அடைத்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் தொட வேண்டும்.

இதற்காகத்தான் பயிற்சியின்போது ஆசிரியரே, சொல்லாமல் கொள்ளாமல், எந்திர வேகத்தைக் குறைத்துவிடுவார். “எந்திரம் போயிற்று, எங்கே இறங்குவாய்?” என்று கேட்பார். மாணவன் நெல்வயலைக் காட்டுவான். ஆசிரியர் அதன் குறுக்கே ஓடும் மின்கம்பியைக் காட்டுவார். மீண்டும், மீண்டும், சலிக்கச் சலிக்க. கிளம்பிய மறுகணமே எந்திரம் நின்றால் திரும்பி ஓடுதளத்துக்கே வரத்தான் மனம் துடிக்கும். தாழ்ந்த உயரத்திலே அப்படித் திரும்பி, வேகம் இழந்து, விழுந்து மாண்டவர் உலகெங்கும் உண்டு. நேரே முன்னால் இறங்கு என்பது பாடம். மலைப்பக்கம் பறப்போருக்கு இன்னொரு பாடம்: சேர்வராயன் சரிவிலே காப்பித் தோட்டமும் காடும் பாறையுமே உண்டு, இறங்க இடம் கிடையாது. எந்திரம் ஓடும்போதே சமவெளி எட்டும் தூரத்தில் இருந்துகொள்.

ஓட்டியின் கையைப் பாராட்டுவோம். ஆனால் அத்தோடு நிறுத்தினால் பாதிக் கதையை விழுங்கியவர்கள் ஆவோம்! எந்திரம் ஏன் நிற்கிறது? பெட்ரோலிலே தண்ணீர் கலந்தால் நிற்கிறது. கார்புரேட்டர் உள்ள விமானத்திலே, ஈரக்காற்று மிகுந்தால், வெயில் நாளிலும் கார்புரேட்டருக்குள் பனி உறைந்து மூச்சை அடைக்கிறது. தேய்ந்த பகுதியை மாற்றாவிட்டால் நிற்கிறது. எரிபொருள் கணக்குத் தப்பினால் நிற்கிறது.

கணக்குத் தப்புமா என்று சிரிக்க வேண்டாம். 1983 ஜூலை 23ஆம் நாள் கனடா நாட்டிலே போயிங் 767 என்ற பெரிய விமானம் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. 22,300 கிலோ வேண்டிய இடத்தில் 22,300 பவுண்டு ஊற்றியிருந்தார்கள்! பாதிகூட இல்லை. நல்லவேளை, அதன் தலைமை ஓட்டி எந்திரமில்லாச் சறுக்கு விமானத்திலும் தேர்ந்தவர். கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்திலே இறக்கிவிட்டார். எல்லாரும் பிழைத்தார்கள். உலகம் அவரைக் கொண்டாடிற்று; கொண்டாடட்டும். கணக்கு ஏன் தப்பியது என்பதையும் துருவித் துருவி ஆராய்ந்ததே அந்த நாடு, அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

விடியற்காலையிலே இறக்கையின் அடியிலே குனிந்து, தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து, கண்ணாடிக் குவளையிலே நீலநிறப் பெட்ரோலைப் பிடித்து, அடியிலே நீர் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிறார்களே, அந்தக் கணத்திலே காக்கப்படுகிறது உயிர். ஐம்பது மணி, நூறு மணிப் பறப்புக்கு ஒருமுறை எந்திரத்தைத் திறந்து சோதித்து ஏட்டிலே கையெழுத்திடுகிறாரே பராமரிப்புப் பொறியாளர், அந்தக் கையெழுத்திலே காக்கப்படுகிறது. “இன்று இது பறக்கக் கூடாது” என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அதைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் இல்லாமல் சொல்ல முடிகிறதா? ஆலையிலே பழுதான தறியை ஓட்டச் சொல்லி மேஸ்திரி அதட்டுவதை அறிந்த நமக்கு இந்தக் கேள்வியின் பொருள் புரியும்.

ஏன் கேட்கிறோம்? வணிக ஓட்டி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். செலவோ ஐம்பது லட்சத்தைத் தாண்டுகிறது. மணிக்கு மணி பணம். விமானம் கொட்டகையிலே நின்றால் வருவாய் நின்றது. மாணவன் காத்திருந்தால் அவன் தந்தையின் கடனுக்கு வட்டி ஏறிற்று. இரு பக்கமும் “பறக்கட்டும், பறக்கட்டும்” என்றே இழுக்கும். எந்தப் பள்ளியையும் நாம் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றவில்லை. இழுப்பு இருக்கிறது, எதிர்த்துப் பிடிக்கும் கை வலுவாக இருக்க வேண்டும் என்கிறோம்.

பயிற்சியே வேண்டாம், ஊர்மேல் பறக்க வேண்டாம் என்பாரும் உளர். நாம் அந்தக் கட்சி அல்ல. பறக்கட்டும்! ஓமலூர்த் தறிக்காரர் வீட்டுப் பெண்ணும் ஒருநாள் பறக்கட்டும். ஆனால் கீழே இருப்பவர்களுக்கும் உண்மை தெரிய வேண்டும். விமான விபத்தை ஆராய 2012 முதல் மத்திய அரசிலே தனி அமைப்பு இருக்கிறது. எவரையும் தண்டிப்பதற்கன்று, மறுபடி நேராமல் தடுப்பதற்கே ஆய்வு என்பது உலகம் ஒப்பிய விதி. நல்ல விதி. அறிக்கைகளையும் வெளியிடுகிறார்கள், ஆங்கிலத்திலே! அம்மாசத்திரத்துச் சாலையிலே அன்று சைக்கிளில் போனவர் அதைப் படிப்பது எப்படி?

நம் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்கிறோம்: தமிழ் மண்ணிலே நேரும் ஒவ்வொரு பயிற்சி விமான விபத்தின் அறிக்கையும் தமிழிலே வேண்டும் என்று அவையிலே எழுப்புங்கள். என்ன பழுது, எப்போது கடைசியாகச் சோதித்தார்கள், என்ன மாற்றினார்கள் என்ற மூன்றையும் அச்சிட்டு அந்த ஊராட்சிப் பலகையிலே ஒட்டச் சொல்லுங்கள். அம்மாசத்திரத்திலிருந்தே தொடங்கலாம், அடுத்தது கமலாபுரம்.