ஆசிரியரின் சிவப்பு மை

பால்மரத் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் வேலை முடித்து வீடு திரும்பும் பெற்றோர் பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தைக் கையில் எடுத்தால், அவர்கள் கண்ணில் முதலில் படுவது பிள்ளையின் எழுத்தன்று. ஆசிரியர் இட்ட சிவப்பு மையே. எழுத்தறியாத பாட்டியும் சிவப்பை அறிவார். பக்கத்தில் சிவப்பு மிகுந்தால் பிள்ளைக்கு வசவு மிகுகிறது. சில வீடுகளில் பிரம்பும் எழுகிறது. ஆதலின், ஆசிரியர் எந்தச் சிவப்பு மையை வாங்குகிறார், அதனை எவ்வாறு பயன்படுத்துகிறார் என்பது அற்பச் செய்தியன்று என்பதே என் கருத்து. ஆண்டு மலரில் எழுத வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று சிலர் நகைக்கக்கூடும். பால்வெட்டுத் தொழிலாளி தம் கத்தியின் கூர்மையைப் பற்றிப் பேசினால் நாம் நகைப்பதில்லையே.

சிவப்பு மையையே விலக்கிவிட வேண்டும், பச்சையோ ஊதாவோ போதும் என்று கூறுவோர் உளர். அவர்கள் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. 2010-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், கட்டுரை திருத்தியவர்களுள் சிவப்புப் பேனா பிடித்தோர் நீலப் பேனா பிடித்தோரைக் காட்டிலும் மிகுதியான பிழைகளைக் குறித்தனர். குறைந்த புள்ளிகளையும் வழங்கினர். கையிலுள்ள நிறம் கண்ணைப் பிழை தேட ஏவுகிறது போலும்! எனினும், சிவப்பைக் கைவிட நான் உடன்படேன். பச்சை மையால் பக்கம் முழுவதும் கிறுக்கினால், ஆறு மாதத்தில் பிள்ளை பச்சைக்கு அஞ்சும். பென்சிலின் சாம்பல் நிறத்தினின்றும் நீல மையினின்றும் தெளிவாகப் பிரிந்து நிற்பது சிவப்பின் தனிச்சிறப்பு. அதே மையால் 'நன்று' என்றும், 'நேற்றைவிட அழகாக எழுதியுள்ளாய்' என்றும் எழுதும் ஆசிரியரிடத்தில் பிள்ளை அந்த நிறத்திற்கு அஞ்சுவதில்லை.

இங்கு மற்றொன்றையும் கூற வேண்டும். ஆண்பிள்ளைகளுள் நூற்றுக்குச் சிலர் சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாதவராய்ப் பிறக்கின்றனர். அவர்களுள் ஒரு சாராருக்குச் சிவப்பு, கருமை கலந்தே தோன்றும். பென்சில் எழுத்தின்மீதே இட்ட திருத்தம் அவர்களுக்கு எளிதில் புலப்படாது. திருத்தத்தை வரிக்கு மேலே தனியே எழுதிக் காட்டினால் அவர்களும் அறிவர்.

ஆசிரியர்கள் இன்று பெரும்பாலும் சிவப்புப் பந்துமுனைப் பேனாவையே பயன்படுத்துகின்றனர். மலிவு என்பதும் வசதி என்பதும் உண்மையே. ஆனால் பந்துமுனையை அழுத்தி எழுத வேண்டும். களைப்பும் சினமும் சேர்ந்தால் அழுத்தம் இன்னும் கூடுகிறது; அடுத்த இரண்டு தாள்களிலும் வடு விழுகிறது. பால்வெட்டுக் கத்தி பட்டையைத் தாண்டி ஆழ இறங்கினால் மரத்தில் புண் விழுவதைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் அறிவர். ஊற்றுப் பேனாவோ அழுத்தமின்றித் தானே மையை இறக்குவது. விரைந்து கிறுக்க இடங்கொடாது. கையைச் சற்று நிதானப்படுத்தும். நூற்றைம்பதுக்கும் குறைந்த மாணவர்களைக் கொண்ட பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்பர். தோட்டப்பள்ளிகள் பலவும் அவ்வகையினவே. அதனை ஒரு குறையாகவே பேசி வருகிறோம். ஆயினும், வகுப்பில் புத்தகங்கள் சிலவே இருத்தலால், ஒவ்வொன்றையும் நின்று திருத்த நமக்கு நேரமுண்டு.

மை வாங்கும்போது புட்டியின் மேலட்டையில் உள்ள நிறத்தை நம்புதல் கூடாது. கடைக்காரர் தரும் வழவழப்பான தாளிலும் எழுதிப் பார்த்துப் பயனில்லை. பிள்ளைகள் எழுதும் பயிற்சிப் புத்தகத்தின் தாளொன்றை உடன் எடுத்துச் செல்லுங்கள். எழுதிய பின் தாளைத் திருப்பிப் பாருங்கள். மறுபக்கம் ஊறித் தெரிந்தால் அந்த மை வேண்டா. ஜெர்மனியின் பெலிக்கான் 4001 வரிசைச் சிவப்பு, சற்றே செம்மஞ்சள் சாயலுடையது. முள்ளிலிருந்து அடக்கமாக இறங்குவதால் மெல்லிய தாளில் பரவுதல் குறைவு. ஜப்பானின் பைலட் சிவப்பு மை 30 மில்லிலிட்டர் சிறு புட்டியிலும் 350 மில்லிலிட்டர் பெரும் புட்டியிலும் வருவது. பெரும் புட்டி ஒன்றை வாங்கி ஆசிரியர் அறையில் வைத்துப் பலரும் பகிர்ந்துகொள்ளலாம்.

தமிழெழுத்தைத் திருத்துவோருக்கு வேறொரு தேவையும் உண்டு. மலாய்க்கும் ஆங்கிலத்திற்கும் நடுத்தர முள் போதும். தமிழிலோ ஒரு புள்ளி விடுபட்டால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். 'வெலை' என்று பிள்ளை எழுதியதை 'வேலை' என்று திருத்தப் புகுந்த ஆசிரியரின் மை ஊறினால், கொம்பின் சுழி அடைபட்டுத் திருத்தமே பிழையாய் நிற்கும். ஆகவே மெல்லிய முள்ளையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஒரே அளவுப் பெயர் பொறித்திருப்பினும், ஜப்பானிய முள் ஐரோப்பிய முள்ளைவிடப் பொதுவாக மெல்லியது.

சிவப்பு மை நிலைத்து நிற்கும் மையன்று. அது நீரிற் கரைந்த சாயம். பலவற்றில் ஈயோசின் என்னும் சாயம் சேர்க்கப்படுகிறது. வெயில் பட்டால் அது வெளிறிவிடும். ஓவியர் வான் கோ 1890-இல் தீட்டிய ரோசா மலர்கள் அன்று இளஞ்சிவப்பாயிருந்து, இன்று பெரும்பாலும் வெண்மையாய்த் தோன்றுவதற்கு அவர் பயன்படுத்திய ஈயோசின் வண்ணமே காரணம். எனவே பிறந்த நாள், சேர்க்கை எண், பெற்றோர் பெயர் முதலிய நிலையான குறிப்புகளைச் சிவப்பு மையால் எழுதுதல் தகாது. ஆயினும் வேடிக்கை ஒன்று உண்டு: நீல மையை அழிக்கும் பேனா சிவப்பு மையைப் பெரும்பாலும் அழிப்பதில்லை. ஆசிரியர் சினத்தில் எழுதிய சொல்லை நினைத்த நேரத்தில் அழித்துவிட இயலாது. எழுதுமுன் எண்ண வேண்டும்.

பேனாவைப் பேணுதல் எளிது. பொறிமுத்திரை மையையும் ஓவிய மையையும் அதில் ஊற்றலாகாது. உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும். வேறு மை நிரப்புமுன் குளிர்ந்த நீரில் நிறம் தெளியுமட்டும் அலச வேண்டும். நம் நாட்டு ஈரக்காற்றில் திறந்து வைத்த புட்டியில் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்தால் இரக்கம் பாராது கொட்டிவிடுக.

மாணவச் செல்வங்களே, தலைப்பின்கீழ்க் கோடிட நீங்கள் சிவப்பு மையைக் கேட்கிறீர்கள். நான் இசைவதில்லை. உங்கள் பக்கத்தில் சிவப்பைக் கண்டால், இது ஆசிரியர் எழுதியது என்று வீட்டிலுள்ளோர் ஐயமின்றி அறிதல் வேண்டும்.

பெற்றோர்களே, சிவப்பே இல்லாத புத்தகம் சிறந்த புத்தகம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆசிரியர் பாராத புத்தகத்திலும் சிவப்பு இராது. சிவப்பைக் கண்டவுடன் கையை ஓங்காமல், 'இது என்ன சொல்கிறது, படித்துக் காட்டு' என்று பிள்ளையிடம் கேளுங்கள். இதற்கு உங்களுக்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. பிள்ளை படித்துக் காட்டி விளக்கினால் திருத்தம் அதன் மனத்தில் பதிந்தது. விளக்க இயலாவிட்டால் புத்தகத்துடன் பள்ளிக்கு வாருங்கள். வேலை உடையோடு வந்தாலும் குறையில்லை. வகுப்பாசிரியர் விளக்குவார்; அவர் இல்லாத நாளில் நான் விளக்குவேன்.