அளக்காமல் பெயர் வைக்காதீர்கள்

நார்மன் பாரெட் 1950இல் எழுதிய கட்டுரையில், மார்புக்குள் தூண்செல் படலத்தோடு தெரிந்த குழாயை உணவுக்குழாய் என்று ஏற்கவில்லை. பிறவியிலேயே குட்டையான உணவுக்குழாய் மேலே இழுத்துக்கொண்ட இரைப்பை அது என்றார். 1953இல் அலிசனும் ஜான்ஸ்டனும் மறுத்தார்கள். அந்தப் பகுதிக்கு வெளியே பெரிட்டோனிய உறை இல்லை. சுவரில் உணவுக்குழாய்க்கே உரிய தசையும் சுரப்பிகளும் இருக்கின்றன. ஆகவே அது உணவுக்குழாய்தான், உள்படலம் மட்டும் மாறியிருக்கிறது என்றார்கள். 1957இல் பாரெட்டும் அதை ஏற்றுக்கொண்டார்; அந்த மாற்றம் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தேர்ந்த மார்பு அறுவை மருத்துவர் ஒருவரையே ஏழாண்டுகள் குழப்பியது, உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இந்த எல்லை. இன்று கையில் நல்ல ஸ்கோப் இருந்தும் நம் அறிக்கைகள் அதிகம் தடுமாறுவது அங்கேதான்.

வழக்கமாக நடப்பது இதுதான். நெஞ்செரிச்சலுக்காக ஸ்கோப் செய்கிறோம். தட்டைச்செல் படலமும் தூண்செல் படலமும் சந்திக்கும் இசட் கோடு சற்றே ஏறி இறங்கியிருக்கிறது. 'பாரெட் இருக்கலாம்' என்று எழுதி இரண்டு துண்டு பயாப்சி எடுத்து அனுப்புகிறோம். கோப்பைச் செல்கள் தெரிந்தால் அவர் அன்று முதல் பாரெட் நோயாளி. ஆனால் அந்தத் துண்டு உணவுக்குழாயிலிருந்து வந்ததா, இரைப்பையின் மேல்வாயிலிருந்து வந்ததா என்பதை அறிக்கையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. இரைப்பை மடிப்புகள் தொடங்கும் மேல்முனையே உணவுக்குழாய்-இரைப்பை இணைப்பின் அடையாளம். காற்றை அதிகம் செலுத்தினால் மடிப்புகள் விரிந்து மறைந்துவிடும்; ஹயாடஸ் ஹெர்னியா உள்ளவரிடம் இரைப்பையே பாரெட்டாகத் தோன்றும். எனவே காற்றைக் குறைத்து, மடிப்பின் முனை, உதரவிதான இறுக்கம், தூண்செல் படலத்தின் உச்சி ஆகிய மூன்றையும் பல்வரிசையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொண்ட பிறகே பயாப்சி கருவியைக் கேட்க வேண்டும்.

பாரெட் பகுதியின் நீளத்தைக் குறிக்கும் பிராக் வரையறை 2006இல் வந்தபோதே இந்த அளவீட்டின் வரம்பும் தெரிந்துவிட்டது. ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீண்ட பகுதிகளில் மருத்துவர்களின் கணிப்புகள் நன்றாகப் பொருந்தின. நம்பகக் குறியீடு 0.72. அதற்குக் குறைந்த பகுதிகளில் அது 0.22ஆகச் சரிந்தது. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த, புண்ணோ முடிச்சோ இல்லாத ஒழுங்கற்ற இசட் கோட்டில் பயாப்சி எடுக்காதீர்கள். எடுக்கத் தூண்டும் ஆர்வம் எங்களுக்கும் புரிகிறது. ஆனாலும் அது நோயாளிக்கு நன்மை செய்வதில்லை. டிஸ்பிளேசியா இல்லாத உண்மையான பாரெட்டிலேயே புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் 0.3 விழுக்காடுதான், 2011இல் வந்த டென்மார்க் தேசிய ஆய்வில் அது 0.12 மட்டுமே. அந்த அளவு ஆபத்தும் இல்லாதவரிடம் 'புற்றுக்கு முந்திய நிலை' என்று சொல்லி அனுப்பினால், மனிதர் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டே வாழ்நாள் முழுவதும் ஸ்கோப் அறைக்கு வந்துகொண்டிருப்பார்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. உண்மையான பாரெட்டை அவசரமாகக் கடந்துபோவது. சளியையும் நுரையையும் கழுவி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு நிமிடமாவது பார்க்க வேண்டும். ஆரம்பநிலை மாற்றங்கள் 12 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட திசையில் கூடுதலாகக் காணப்படுகின்றன. அங்கே கண் தங்கட்டும். நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தெளித்தால் படலம் வெளுக்கும். வெண்மை முதலில் மறையும் இடத்தைச் சந்தேகியுங்கள். நம் மருத்துவமனைகளில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமலே செய்யக்கூடியது இது. சந்தேக இடத்தில் முதலில் பயாப்சி. பிறகு சியாட்டில் முறைப்படி 2 சென்டிமீட்டருக்கு ஒருமுறை நான்கு திசையிலும். ஒவ்வொரு மட்டத்துக்கும் தனிக்குப்பி வேண்டும். கடுமையான அழற்சி இருந்தால் அன்று பயாப்சியைத் தள்ளிவைத்து, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பி.பி.ஐ. கொடுத்துவிட்டு மீண்டும் பாருங்கள். அழற்சி பாரெட்டை மறைக்கும். டிஸ்பிளேசியா போலவும் நடிக்கும்.

'குறைநிலை டிஸ்பிளேசியா' என்ற முடிவு வரும்போதுதான் அதிகப் பொறுமை தேவை. நெதர்லாந்தில் 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், பொது மருத்துவமனைகள் அப்படிக் குறித்த 147 பேரின் பயாப்சி சில்லுகளை நிபுணர் குழு மறுபடி பார்த்தது. 85 விழுக்காட்டினருக்கு நோய் அந்த நிலையில் இல்லை. குழுவும் உறுதிசெய்தவர்களிடமோ நோய் வேகமாக முற்றியது. 2014இல் வந்த சர்ஃப் ஆய்வு இத்தகைய உறுதிசெய்யப்பட்டவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. மூன்றாண்டுகளில் உயர்நிலை டிஸ்பிளேசியாவோ புற்றுநோயோ வந்தவர்கள் கண்காணிப்புப் பிரிவில் 26.5 விழுக்காடு, ரேடியோ அலைவரிசைச் சிகிச்சை பெற்றவர்களில் 1.5 விழுக்காடு. சிகிச்சையின் பலனைப் பேசும்போது இந்த ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அதன் நுழைவாயிலிலேயே இருந்த இரண்டாம் நோயியல் கருத்தை விட்டுவிடுகிறோம். இரைப்பை குடல் நோயியலில் பழகிய இரண்டாமவர் பார்க்காமல் யாருக்கும் நீக்கச் சிகிச்சை தொடங்கக் கூடாது என்பது இந்த இதழின் நிலைப்பாடு. சில்லைக் கூரியரில் அனுப்ப ஆகும் செலவு, அந்தச் சிகிச்சைக்கான ஒரு கத்தீட்டரின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

மற்ற நிலைகளில் பெரிய சர்ச்சை இல்லை. முடிச்சு தெரிந்தால் முதலில் அதை எண்டோஸ்கோபி வழியே வெட்டி எடுக்க வேண்டும். ஆழம் அறியவும் அதுதான் வழி, சிகிச்சையும் அதுவே. முடிச்சின் மேல் நேரடியாகச் சூடு வைப்பது தவறு. டிஸ்பிளேசியா இல்லாதவர்களுக்கு 3 சென்டிமீட்டருக்குக் குறைவானால் ஐந்தாண்டு, அதற்கு மேலானால் மூன்றாண்டு இடைவெளி போதும். பி.பி.ஐ. தொடரட்டும். புற்றைத் தடுக்கும் என்று சொல்லி யாரையும் எதுக்களிப்புத் தடுப்பு அறுவைக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உணவுக்குழாயின் கீழ்முனையையே பார்த்துக்கொண்டிருந்தால் நம் நோயாளிகளில் பெரும்பாலோரை இழந்துவிடுவோம். இந்தியாவில் இன்றும் மேலோங்கியிருப்பது தட்டைச்செல் புற்றுநோய். அதற்கும் முன்நிலை உண்டு. சீனாவின் லின்ஷியன் வட்டாரத்தில் பதின்மூன்றரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், தட்டைச்செல் டிஸ்பிளேசியா லேசாக இருந்தவர்களில் 24 விழுக்காடும், நடுத்தரமாக இருந்தவர்களில் 50 விழுக்காடும், கடுமையாக இருந்தவர்களில் 74 விழுக்காடும் புற்றுநோய்க்கு ஆளானார்கள். பாரெட்டின் எண்களை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதாரண வெள்ளொளியில் தட்டைச்செல் டிஸ்பிளேசியா எளிதில் தப்பிவிடும். லுகோல் அயோடின் தெளித்தால் கிளைகோஜன் உள்ள நல்ல படலம் பழுப்பாகும், மாறிய இடம் சாயமேறாமல் நிற்கும். சில நிமிடங்களில் அது இளஞ்சிவப்பானால் உயர்நிலை மாற்றத்தைச் சந்தேகிக்க வேண்டும். வாய், தொண்டைப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்கள், மதுவும் புகையும் சேர்ந்து பழகியவர்கள், நெடுநாள் வெற்றிலை புகையிலை மெல்பவர்கள் ஆகியோருக்கு இந்த அயோடின் சோதனையைத் தயங்காமல் செய்யலாம். அயோடின் ஒவ்வாமையும் தைராய்டு மிகைச்சுரப்பும் உண்டா என்று முன்பே கேளுங்கள். மேல்பகுதியில் தெளிக்கும்போது மூச்சுக்குழாயில் இறங்காதபடி தலைமாட்டை உயர்த்தி வையுங்கள். முடித்ததும் சோடியம் தயோசல்ஃபேட் தெளித்து எரிச்சலைத் தணித்து, மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.